எழுவாய் கேட்ட அக்னஸ் மிஸ்

"அது தானா உடைஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, சிவப்புப் பேனாவை நோட்டின் மேல் அப்படியே நிறுத்தி வைத்திருந்தார் அக்னஸ் மிஸ். எதிரே நின்ற பையன் 'ஜன்னல் உடைக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். இலக்கணத்தில் தவறில்லை. ஆனாலும் பேனா நகரவில்லை. பையன் தலையைச் சொறிந்தான். கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "ஃபாஜில் உடைச்சான் மிஸ்" என்றான். "அப்ப அவன் பேரைப் போடு. அவனை ஒண்ணும் சொல்ல மாட்டேன். வாக்கியம் முழுசா இருக்கணும், அவ்வளவுதான்."

நன்னிலத்துக்குப் பக்கத்தில், மூன்று பக்கமும் வயல் சூழ நிற்கிற தனியார் பள்ளி எங்களுடையது. நான் கணக்கு வாத்தியார். ஆங்கிலமும் சமூக அறிவியலும் அக்னஸ் மிஸ்ஸுக்கு. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கண்ணாடி எப்போதும் மூக்கில் இருப்பதால் கண்ணாடிக் கூட்டில் சாக்பீஸ் வைத்திருப்பார். வரப்பில் நடப்பவரைப் போல ஆங்கிலத்தை நிதானமாகப் பேசுவார். ஒரு சொல்கூடச் சேற்றில் வழுக்காது. திட்டுவது மட்டும் தமிழில். அதுவும், "ஏன்யா, எழுத்து என்னா கோழி கிளறுன மாதிரி கெடக்கு?" என்பதைத் தாண்டாது. குறுவை அறுப்புக் காலத்தில் மெஷின் கிளப்பும் தூசு வகுப்புக்குள் வந்துவிடும். பிள்ளைகள் தும்ம, தும்ம, அவர் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டே பாடம் நடத்துவார்.

வயல் வைத்திருப்பவர்களின் பிள்ளைகளும், அதே வயல்களில் ஒரு காலத்தில் பண்ணையாட்களாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இங்கே ஒரே நிறத்தில் டை கட்டிக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். யார் யாருடைய பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை.

போன வருடம் பத்தாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் பெரியவர்களிடம் அந்தக் காலத்து விவசாயத்தைப் பற்றிக் கேட்டு, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். பெரும்பாலும் மாடு, ஏற்றம், வண்டி என்றே எழுதி வந்தார்கள். அபயாம்பிகை என்ற பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவள் குடும்பத்துடையது. வீட்டில் படுக்கையில் கிடந்த பெரிய தாத்தாவிடம் கேட்டிருக்கிறாள். அவரும் மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறார். 'நேரம் கழித்து வந்த ஆட்கள் மரத்தில் கட்டப்பட்டார்கள். சாட்டையால் அடிக்கப்பட்டார்கள். சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கப்பட்டார்கள்.' ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதுவதைப் போலவே அக்னஸ் மிஸ் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: யாரால்?

அந்தப் பெண் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் அதே கேள்வியைக் கேட்டுவிட்டது.

மறுநாள் அவள் அப்பா குணசேகரன் தாளாளர் அறையில் வந்து உட்கார்ந்திருந்தார். வகுப்பாசிரியர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டார்கள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க பெரியப்பா எழுந்து நிக்க முடியாத மனுசன். அவரு முன்னாடி நின்னுக்கிட்டு எம்பொண்ணு 'நீங்களா, உங்க அப்பாவா'ன்னு கேக்குறா. அவரு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு அழுறாரு. இதுக்காகவா பிள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்புறோம்?"

தாளாளர் சமாதானப் பிரியர். அக்னஸ் மிஸ்ஸைப் பார்த்து, "கிராமருக்காகக் கேட்டீங்க, அவ்வளவுதானே டீச்சர்? சொல்லிடுங்க" என்றார். வெளியே போகக் கதவைத் திறந்து வைத்தது போலிருந்தது அந்தக் கேள்வி. அவர் அந்த வழியாகப் போய்விட வேண்டும் என்று நானும் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"கிராமருக்காகத்தாங்க கேட்டேன்" என்றார் அக்னஸ் மிஸ். தாளாளர் நாற்காலியில் சாய்ந்தார். "ஆனா அது மட்டும் இல்லைங்க."

குணசேகரன் பக்கம் திரும்பினார். "எங்க அப்பா முதுகுல தழும்பு இருந்துச்சு. சின்னப் பிள்ளையில நான்தான் எண்ணெய் தேச்சு விடுவேன். இது என்னப்பான்னா 'அடிச்சாங்க'ம்பாரு. யாருன்னா பேச மாட்டாரு. பண்ணையெல்லாம் போயி எத்தனையோ வருசம் ஆகிப்போச்சு. சாகுற வரைக்கும் அந்தப் பேர அவரு வாயால சொல்லல. அவ்வளவு பயம். உங்க பொண்ணு தைரியமா எழுதியிருக்கா. அவளைப் பாதியில நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரலைங்க."

"உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார் குணசேகரன். ஊர்ப் பெயரைச் சொன்ன அக்னஸ் மிஸ், அவர் கேட்காமலே தெருவையும் சொன்னார்: மாதா கோயில் தெரு. பழைய பண்ணையாட்களின் தெரு அது; எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியதில்லை. குணசேகரன் எழுந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

வராந்தாவில் என்னோடு நடந்து வந்தார் அக்னஸ் மிஸ். மணி அடித்தது. கண்ணாடிக் கூட்டிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குள் போய்ப் பாடம் எடுத்தார்.

அவரை யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது கால அட்டவணை மாறியிருந்தது. ஒன்பதும் பத்தும் புதிதாக வந்த ஓர் ஆசிரியைக்குப் போயிருந்தன. அக்னஸ் மிஸ்ஸுக்கு ஆறாம் வகுப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு அஸ்திவாரம் போட அனுபவசாலி வேண்டும் என்றார் தாளாளர். அக்னஸ் மிஸ் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஒரே ஒரு முறை, பேருந்துக்குக் காத்திருந்தபோது என்னிடம் சொன்னார்: "பிள்ளைங்க பரீட்சை எழுதப் போறப்ப நான் இல்லாமப் போயிட்டேனே சார்." அப்போதுதான் அவர் கண் கலங்கிப் பார்த்தேன். அபயாம்பிகை ஆறாம் வகுப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நடையைக் குறைப்பாள். உள்ளே பார்ப்பாள். இருவரும் பேசிக்கொண்டதில்லை.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் அட்டை கொடுக்கும் நாள். குணசேகரனின் மகன் ஆறாம் வகுப்பில்தான் படித்தான். வழக்கமாக அவன் அம்மா வருவார். அன்று அப்பா வந்தார். ஏழாம் வகுப்பு ஆசிரியர் விடுப்பில் இருந்ததால், அந்த அட்டைகளோடு பக்கத்து மேஜையில் நான் இருந்தேன்.

பையன் நன்றாக வாசிக்கிறான், எழுதும்போதுதான் அவசரப்படுகிறான் என்று அக்னஸ் மிஸ் சொன்னார். குணசேகரன் கேட்டுக்கொண்டார், கையெழுத்துப் போட்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். பிள்ளைகள் உட்காரும் அந்தக் குட்டை பெஞ்சிலேயே முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா போன மாசம் தவறிட்டாரு டீச்சர்" என்றார். "அதுக்கு முன்னாடி பாப்பாகிட்ட சொல்லிட்டாரு. அடிச்சது அவங்க அப்பாதானாம். இவரு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாராம். சாட்டையை எடுத்துக் குடுத்தது இவருதானாம்."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

அக்னஸ் மிஸ் பைக்குள்ளிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். தான் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை ஊற்றி, மேஜைமேல் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

குணசேகரன் டம்ளரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு இரண்டு கையாலும் எடுத்து, தூக்கி ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்துக் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை அக்னஸ் மிஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.