நொச்சிக் கம்பும் குதிரை முடியும்

மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போன மறு வருஷம், தை மாதத்தில் நடந்தது இது. அறந்தாங்கிக்கு மேற்கே, வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அறந்தாங்கி அப்போது தஞ்சாவூர் ஜில்லா. நாங்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்து ஜனங்கள். எனக்கு வயது இருபது. கணவர் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். அவரிடமிருந்து கடிதம் நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. (யுத்தம் முடிந்து அவர் துரும்பாக இளைத்து வந்து சேர்ந்தது தனிக்கதை.) வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான்.

அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாக இருந்த காலம். தினமும் கம்பங்கூழ். அதற்குத் தொட்டுக்கொள்ள ஆற்று மீன் இருந்தால்தான் தொண்டையில் இறங்கும். மழைக்காலம் முடிந்ததும் வெள்ளாறு மணலுக்கு நடுவே சின்ன ஓடையாகச் சுருங்கிவிடும். அங்கங்கே மடுக்களில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். ஊர்ப் பெண்கள் இரண்டு இரண்டு பேராகப் பழைய சேலையை விரித்துப் பிடித்து, அந்த மடுக்களில் பொடிக் கெண்டை அரித்து எடுப்போம். அது காலகாலமாக நடப்பது.

அந்த வருஷம் கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை, அதாவது மீன்பாசிக் குத்தகையை எடுத்தவர், கண்மாயோடு நிற்காமல் ஆற்று மடுக்களுக்கும் காவல் போட்டுவிட்டார். அந்தக் காவல்காரர் ஆறடி உயரம், மீசையே முக்கால் முகம். எங்கள் தெருக்காரி ஒருத்தியின் கூடையை அவர் காலால் மிதித்து நசுக்கினார். அதிலிருந்து ஒருத்தியும் மடுவில் இறங்கவில்லை. ஆற்றை எவன் ஏலம் விட்டான், அதற்குக் காகிதம் உண்டா என்று நான் கேட்டுப் பார்த்தேன். ஆண்கள் வானத்தைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சேலையை வைத்து அரித்தால் தண்ணீர் கலங்கும். அரை மைலுக்கு அப்பால் இருந்தே காவல்காரருக்குத் தெரிந்துவிடும். துணைக்கும் ஒருத்தி வேண்டும், அப்படி வருகிற ஒருத்தியும் இல்லை. தூண்டில் என்றால் சத்தமில்லாமல் ஒற்றை ஆளாகப் போடலாம். ஆனால் எங்கள் பக்கம் தூண்டில் ஆண்கள் சமாச்சாரம். பெண்கள் சேற்றில் இறங்கிக் கையால் மீனைத் தடவிப் பிடிக்கலாம், சேலையில் அரிக்கலாம். கம்பைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றால் மட்டும் ஊர் சிரிக்கும். அப்படியென்றால் அதைத்தான் செய்வது என்று முடிவு கட்டினேன்.

யாரிடமும் கேட்கக் கூடாது என்ற வீம்பில் ஆரம்பித்ததால் முதலில் எல்லாமே கோணல். அறந்தாங்கிச் சந்தையில் பெரிய முள்ளாகப் பார்த்து இரண்டு வாங்கினேன். பெரிய முள்ளில் பெரிய மீன் விழும் என்று கணக்கு. அது கடலுக்குப் போகிறவர்கள் வாங்கும் முள். எங்கள் மடுக் கெண்டை விரல் நீளம், அதன் தலையைவிட முள் பெரிது. கொல்லையிலிருந்து வெட்டிய மூங்கில் கம்போ கறிவேப்பிலை பறிக்கிற தொரட்டி மாதிரி கனம். அரை மணி நேரத்தில் தோள் இற்றுவிட்டது. நூலும் தண்ணீரில் ஊறிப் பொதபொதவென்று கயிறாகிவிட்டது. மீன்கள் அதைப் பார்த்துவிட்டு, ஒதுங்கிப் போயின.

மறு சந்தையில் இருப்பதிலேயே சின்ன முள்ளைக் கேட்டு வாங்கினேன். மூங்கிலை விட்டுவிட்டு, அதன் நுனியில் சுண்டு விரல் கனத்தில் இருந்த கிளையை எடுத்து, நெருப்பில் வாட்டி நேராக்கினேன். நூல்தான் பாக்கி. சந்தைக்கு வெளியே ஜட்கா வண்டிகள் நிற்கும். ஒரு வண்டிக்காரரிடம் போய்க் குதிரை வால் முடி பத்துப் பதினைந்து வேண்டும் என்றேன்.

"எதுக்குத் தாயி? கண்ணு பட்டுருச்சா?"

"மீன் பிடிக்க."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை நான் மறக்கவில்லை. தன் கறுப்புக் குதிரையை விட்டு அடுத்த வண்டியின் வெள்ளைக் குதிரையிடம் போய் முடியை உருவிக்கொண்டு வந்தார். "இதைக் கொண்டு போங்க. தண்ணிக்குள்ள தெரியாது" என்றார். மூன்று மூன்று முடியாகத் திரித்து முடிச்சுப் போட்டதில், ஆளுயரத்துக்கு ஒரு நூல் கிடைத்தது. காற்று மாதிரி லேசு.

இரைக்கு மண்புழு கோத்துப் போட்டால் அடியில் கிடக்கும் நண்டு தின்றுவிட்டுப் போனது. சாயங்காலம் பார்த்தால் கெண்டைகள் மேலே வந்து, தண்ணீரில் விழும் பூச்சியைத் துள்ளித் துள்ளிப் பிடித்தன. ஒரு நாள் மிதந்து வந்த கொக்கு இறகு ஒன்றை ஒரு கெண்டை கவ்விவிட்டுத் துப்பியது. அந்த இறகுக்குள் முள் இருந்திருந்தால் துப்பியிருக்க முடியாதே என்று தோன்றியது. வீட்டுச் சேவலின் கழுத்து இறகைக் கிள்ளி முள்ளோடு சேர்த்துக் கட்டினேன். பூச்சி மாதிரி தண்ணீர்மேல் விழ வைத்தேன். அன்று பொழுது இறங்குவதற்குள் பதினொரு கெண்டை.

"ஆம்பளை கணக்கா கம்பத் தூக்கிட்டு ஆத்துக்குப் போறியே, ஊரு சிரிக்காதா?" என்றார் மாமியார்.

"சிரிக்கட்டும் அத்தை. இந்தப் பஞ்சத்துல சிரிக்கவாச்சும் செய்யட்டும்."

குழம்பை மட்டும் வழித்துச் சாப்பிட்டார்.

ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள், துவைக்கிற துறையில் ஏழெட்டுப் பெண்கள் இருக்கும்போது காவல்காரர் என் பின்னால் வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு தூண்டி போடுறே?"

"மீனைக் கேட்டுத்தாண்ணே."

துறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. என் கையிலிருந்த கம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தார். வாட்டி, சீவி, எண்ணெய் தடவி, ஒரு மாதம் பாடுபட்ட கம்பு. அதை ஆற்றில் வீசிவிட்டு, "இனி இங்கிட்டு ஒன்னயப் பாத்தேன்..." என்று விரலை ஆட்டினார். துறையில் இருந்தவர்கள் குனிந்து துவைக்க ஆரம்பித்தார்கள். கம்பில் சிக்கியிருந்த நூலையும் முள்ளையும் தண்ணீரில் இறங்கித் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கம்பு போனதற்காக அழவில்லை. அத்தனை பேர் பார்க்க, பதில் சொல்லாமல் திரும்பி வந்தேனே, அதற்காக.

மறுநாள் அதே நேரத்துக்குப் போனேன். கம்பு கொண்டு போகவில்லை. மடியில் நூல், கையில் புல் அறுக்கிற அரிவாள். எங்கள் ஆற்றங்கரை முழுக்க நொச்சிப் புதர். ஆளுயரத்துக்கு வளர்ந்த ஒரு நொச்சிக் குச்சியை வெட்டி, இலையை உருவி, நூலைக் கட்டித் தண்ணீரில் போட்டேன். லேசாக, வளைந்து கொடுத்துக்கொண்டு, என் மூங்கிலைவிட அருமையாக இருந்தது. ஒரு மாதம் வீணாக்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

காவல்காரர் ஓட்டமாக வந்தார். அவர் வருவதற்குள் நூலை அவிழ்த்துச் சுருட்டி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். முள் குத்தியது. குத்தட்டும். அடுத்தவன் பெண்டாட்டி கையைப் பிடித்துப் பிரிக்க எங்கள் ஊரில் எந்த ஆம்பளைக்கும் துணிச்சல் வராது. அதனால் குச்சியை மட்டும் பிடுங்கினார். பச்சை நொச்சி மூங்கில் மாதிரி சட்டென்று ஒடியாது. வளையும், நார் உரியும், விடாது. அவர் முறுக்கித் திருகி ஒரு வழியாகப் பிய்த்து எறிந்தார். நான் அடுத்த குச்சியை வெட்டி நூலைக் கட்டினேன். அதையும் பிடுங்கினார். மூன்றாவதை வெட்டினேன். காலை மணலில் அழுத்தி ஊன்றிக்கொண்டேன்.

நாலாவதைத் திருகும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. உள்ளங்கையெல்லாம் பச்சைச் சாறு. "ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?" என்று கத்தினார்.

"ஆறு யாருதுன்னு கடுதாசி காட்டுங்க. போயிர்றேன்."

அப்போது துறையிலிருந்து ஒருத்தி ஈரச் சேலையோடு ஏறி வந்தாள். காவல்காரர் கூடையை நசுக்கினாரே, அந்த எங்கள் தெருக்காரி. வருகிற வழியில் ஒரு நொச்சிக் குச்சியை ஒடித்து, நேராக அவரிடமே நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே, இதையும் ஒடிங்க."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவள் கையிலும் ஒரு குச்சி. மூன்றாவதாக வந்தவள் இரண்டு கொண்டு வந்தாள். காவல்காரர் அந்தக் குச்சிகளையும் பார்த்தார், கரை நீளத்துக்கு நின்ற புதரையும் பார்த்தார். குத்தகைக்காரரிடம் சொல்கிறேன் என்றார். சொல்லுங்க, கடுதாசியோட வரச் சொல்லுங்க என்றேன். தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று ஒரு மீன்கூட விழவில்லை. நாங்கள் போட்ட கூச்சலில் கெண்டையெல்லாம் அடுத்த மடுவுக்குப் போயிருக்கும். வெறும் கையோடு வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. மாமியார் கூழில் வெங்காயத்தை நறுக்கிப் போட்டுக் கொடுத்தார். சேவலின் கழுத்தில் இன்னும் இறகு இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்.

மறுநாள் கரையில் ஆறு பெண்கள், ஆறு நொச்சிக் கம்பு. குதிரை முடி எல்லோருக்கும் போதவில்லை. சிலர் தலைமுடியையே திரித்துக் கட்டியிருந்தார்கள். ஒருத்தி பெரிய முள்ளோடு வந்திருந்தாள். அவளைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கம் வந்தது.

குத்தகைக்காரர் கடைசி வரை வரவில்லை, காகிதமும் வரவில்லை. நான் பயப்படாதவள் என்று ஊரில் பேர் வந்தது. அது உண்மையில்லை. அன்று ஐந்தாவது கம்பையும் அவரே ஒடித்திருந்தால் ஆறாவதை வெட்ட என் கையில் தெம்பு இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆறு எங்களுடையது என்று யாரும் எங்களுக்கு எழுதித் தரவில்லை. எங்களுடையது இல்லை என்று எழுதிக் காட்டவும் ஒருவராலும் முடியவில்லை. அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் "இது ஒனக்கில்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவரிடமும் நான் காகிதத்தைப் பார்க்காமல் எழுந்து போனதில்லை.