எல்ல இறக்கத்தில் நாற்பது நிமிடம்: கொட்டாஞ்சேனையிலிருந்து பொத்துவில் வரை

போன ஓகஸ்ட் மாதம் நானும் மனைவி திரேசாவும் கொட்டாஞ்சேனையிலிருந்து மலைநாட்டு வழியாகப் பொத்துவில் கடற்கரைக்குக் காரில் போய் வந்தோம். நான்கு பகல், மூன்று இரவு. எனக்கு எழுபத்திரண்டு வயது. போன காரணத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். வெள்ளவத்தையில் இருக்கும் என் மகன் ஜூட், எனக்குக் கண்ணும் கையும் தளர்ந்துவிட்டன, காரைத் தன்னிடம் விடவேண்டும் என்று ஒரு வருடமாக அரித்துக்கொண்டிருந்தான். லைசன்ஸ் புதுப்பிக்க வைத்தியப் பரிசோதனையில் தேறியவன் நான். அதை அவன் கணக்கில் எடுக்கவே இல்லை.

"அம்மாவையும் ஏத்திக்கொண்டு மலையில ஓட்டி, ஒரு கரைச்சலும் இல்லாம வாங்க. பிறகு நான் வாயே திறக்கமாட்டன். இல்லாட்டி சாவி எனக்கு," என்றான்.

"சரி" என்றேன். யாரிடமும் பழகாமல் நானே ஓட்டப் பழகியவன். முப்பத்தெட்டு வருடமாக ஓட்டுகிறேன்.

அதிகாலை 4.45க்குப் புறப்பட்டோம். அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக அப்புத்தளை 190 கிலோமீற்றர். காலைச் சாப்பாட்டோடு ஏழு மணித்தியாலம். வானம் தெளிந்தால் அங்கிருந்து தெற்குக் கடல் தெரியும் என்பார்கள். எங்களுக்குக் காற்று மட்டும்தான் கிடைத்தது. இரவு எல்ல என்ற மலையூரில் தங்கினோம். அறை 9,500 ரூபா, காலைச் சாப்பாடு உட்பட.

மறுநாள் 9.10க்கு எல்லயிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கினோம். 27 கிலோமீற்றரும் இறக்கம்தான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெறும் ஆகாயம். இராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் திரேசா மூக்கைச் சுளித்தாள்.

"என்ன மணக்குது?"

"குப்பை எரிக்கிறாங்கள்."

"நாலு வளைவா ஒரே குப்பையையா எரிக்கிறாங்கள்?"

நான் ஓட்டிக்கொண்டே போனேன். அடுத்த வளைவில் மிதித்தபோது பிரேக் பஞ்சுபோல் உள்ளே போனது. கார் நிற்கவில்லை. எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. திரேசா செபமாலையைக்கூடத் தேடவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுக்கி, கைப்பிரேக்கை இழுத்தேன். பஸ் ஒரு சாண் தள்ளிப் போனது. முன்சக்கரம் இரண்டிலிருந்தும் புகை.

தண்ணீர்ப் போத்தலோடு இறங்கினேன். பின்னால் வந்த மரக்கறி லொறி நின்றது.

"ஐயா, ஊத்தாதீங்க! சூட்டுல பட்டா பிரேக் தட்டு வெடிச்சிரும்!" என்று கத்தியபடி சாரதி இறங்கி ஓடிவந்தார். பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தவர், ஐம்பது வயதிருக்கும். "கொழும்புதானே?"

"எப்படித் தெரியும்?"

"மணத்திலேயே தெரியுதுங்க. மேல இருந்து பிரேக்க மிதிச்சிக்கிட்டே வந்தீங்களா?"

"முப்பத்தெட்டு வருஷமா ஓட்டுறன் தம்பி."

"எங்கங்க? கொழும்பு, காலி ரோட்டுலயா? அங்க இறக்கம் எங்க இருக்கு?"

திரேசா சிரித்துவிட்டாள். சாரதி காருக்குள் எட்டிப் பார்த்து, ஓட்டோமற்றிக் கியர் லீவரின் அடியில் இருந்த L என்ற எழுத்தைத் தட்டிக் காட்டினார். "இத போட்டா எஞ்சினே காரப் பிடிச்சிக்கும். எதுக்கு வச்சிருக்கான்னு நெனச்சீங்க?"

பதினொரு வருடம் அந்தக் காரை ஓட்டியிருக்கிறேன். ஒருநாளும் நினைத்ததில்லை.

நாற்பது நிமிடம் ஆறவிட்டோம். பிறகு L-இல் போட்டு, மணிக்கு 25 கிலோமீற்றரில் இறங்கினோம். அவருடைய லொறி எங்களுக்கு முன்னால் வெல்லவாய வரை மெதுவாகவே போனது. அங்கே கராஜில் பிரேக் பார்க்க ஒரு மணித்தியாலம், 3,500 ரூபா. மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவில் இன்னும் 108 கிலோமீற்றர்.

மாலை பொத்துவில் அறுகம்குடாவில், பாறைக்குன்றும் அலையும் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜூட் அழைத்தான். "அம்மா, அப்பா எப்படி ஓட்டினார்?"

"நீ சாப்பிட்டியா?" என்றாள்.

"நான் கேட்டதுக்குச் சொல்லுங்கம்மா."

அவள் எனக்காகப் பொய் சொல்லத் தயாராகிவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. போனை வாங்கினேன். "பிரேக் சூடேறிக் கார் நிக்கேல்ல. பஸ்ஸில அடிபடப் பார்த்தம்," என்றேன்.

அவன் உடனே கேட்டான்: "அப்ப சாவி?"

"வந்து தாறன்."

நான்காம் நாள் தெற்கு நெடுஞ்சாலையால் திரும்பினோம். ஜூட் வாசலிலேயே நின்றான். சாவியை நீட்டியபடி கேட்டேன்: "நீயும் பிள்ளைகளோட டிசம்பரில இந்தக் காரில எல்லவுக்குப் போறாய்தானே. இறக்கத்தில L எப்ப போடுவாய்?"

"அத ஒருத்தரும் போடுறேல்ல அப்பா. D போட்டா எல்லாம் அதுவே பாத்துக்கொள்ளும்."

சாவியைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டேன். வாக்கு மாறியவன் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறான். சொல்லட்டும். பேரப்பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு அவன் அப்படி இறங்க நான் விடமாட்டேன்.

போகிறவர்கள் காலையில், வெளிச்சத்தில் இறங்குங்கள். எரிகிற மணம் வந்தால் உடனே ஒதுக்கி நிறுத்துங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவேண்டாம். உங்கள் காரில் L எங்கே இருக்கிறது என்று, புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.