செஞ்சியில் என்னைப் பிடித்து நிறுத்தினவர்

பெத்த பிள்ளையைத் தூக்கினா எனக்கு ஒண்ணுமே தோணாது. இதைத்தான் முதல்ல சொல்லணும். மத்ததெல்லாம் இதுக்குப் பிறகுதான்.

பிள்ளை அழும். பால் கட்டி நெஞ்சு வலிக்கும். எடுத்துக் குடுப்பேன். குளிப்பாட்டுவேன், பவுடர் போடுவேன். ஆனா யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளையை வேலைக்கு வந்து பார்த்துக்கிற மாதிரியே இருக்கும். இப்படி இருந்த என்னை ஆண்டவர் உயிரோட இந்தச் சபையில உங்க முன்னாடி நிக்க வச்சிருக்கார். அந்த நன்றிக்காகத்தான் வெக்கத்தை விட்டுப் பேசுறேன்.

போன வருஷம் ஜூன்ல நாங்க செஞ்சிக்குப் போனோம். என் கணவர் டேனியல் ரோடு வேலை எடுக்கிற ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். அந்தப் பக்கம் ஒரு பாலம் கட்டுறாங்க, ஒரு வருஷம் இருந்தா போதும்னு சொன்னாங்க. ஜோயல் பிறந்து அப்பதான் ரெண்டு மாசம். எங்க அம்மா நான் காலேஜ் படிக்கும்போதே தவறிட்டாங்க. மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன். எங்க ஊர் தூத்துக்குடியில என்னை வச்சுப் பார்க்க ஆள் இல்ல. அதனால கைப்பிள்ளையோட மூணு பேரும் ஒண்ணாவே கிளம்பினோம். "ஒரே வருஷந்தானே, கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள ஓடிரும்"னு என் கணவர் சொன்னாங்க.

கோட்டைக்குப் போற ரோட்டுல ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரங்க, மும்தாஜ் அக்கா குடும்பம். ஜன்னலைத் திறந்தா பாறை மலை. பகல் பூரா வெயில் குடிச்சு, பொழுது சாஞ்ச பிறகும் அந்தப் பாறையில இருந்து அனல் வரும். குரங்குக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைப்பேன். கரண்ட் போனா உள்ள வெந்து போவோம். என் கணவர் விடியும்போது சைட்டுக்குப் போனா இருட்டினாத்தான் வருவாங்க. எனக்குப் பேச பிள்ளையைத் தவிர யாரும் இல்ல. பிள்ளைகிட்டயும் பேச்சு வரல.

ஆகஸ்ட் வாக்குல தூக்கம் போச்சு. பிள்ளை தூங்குவான், நான் முழிச்சிருப்பேன். சோறு வாயில வச்சா மண்ணு. தலை சீவ மாட்டேன். குளிக்கிறதுக்கு எழும்பவே பாரமா இருக்கும். 'நீ இல்லாம இருந்தா இந்தப் பிள்ளை நல்லா இருக்கும்'னு ஒரு நினைப்பு வந்துச்சு. முதல்ல எப்பவாவது. அப்புறம் காலையில கண்ணு முழிச்சதுமே.

யார்கிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்ல? ஊர்ல நான் சண்டே கிளாஸ் டீச்சர். செஞ்சியில நாங்க போன சின்ன சபையிலயும், ஜெபிக்கச் சொன்னா கடகடன்னு ஜெபிப்பேன். எல்லாரும் மெச்சுவாங்க. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினா ஒரு வார்த்தை வராது. வேதத்தைத் திறந்தா எழுத்து தெரியும், உள்ள ஒண்ணும் இறங்காது.

ஒரு தடவை என் கணவர்கிட்ட வாய் திறந்தேன். "எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க."

"உடம்புக்கு என்ன செய்யுது?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"அப்போ டென்ஷன்தான். புது ஊரு, புதுத் தண்ணி. சரியாயிரும், எஸ்தர்." பாசமாத்தான் சொன்னாங்க. சொல்லி முடிக்கும்போதே கண்ணு சொருகிருச்சு. வெயில்ல நின்னு நின்னு அவங்களும் பாதி ஆளா ஆயிருந்தாங்க.

எனக்கு வந்தது ஒரே ஒரு ஜெபம்தான். "ஆண்டவரே, யாராவது ஒருத்தரை அனுப்பும்." அரிசி களையும்போது சொல்வேன். துணி காயப்போடும்போது சொல்வேன். யாரும் வரல. கீழ இருந்து மும்தாஜ் அக்கா மட்டும் "இன்னா பாப்பா, சாப்டியா?"ன்னு குரல் குடுப்பாங்க. "ஆச்சுக்கா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருவேன்.

நவம்பர்ல மழை பிடிச்சுது. ஒருநாள் மத்தியானம், மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம். பிள்ளை தூங்கிட்டிருந்தான். அவனைச் சுத்தி தலகாணி வச்சேன். கதவை வெளிய தாழ்ப்பாள் போட்டேன். எங்க போறேன், எதுக்குப் போறேன்னு எனக்குத் தெரியும். அதை இதுக்கு மேல விவரமாச் சொல்ல விரும்பல. உங்களுக்குப் புரியும்.

படியில இறங்கும்போது ஜெபம்னு ஒண்ணும் பண்ணல. "யாரும் வரல ஆண்டவரே"ன்னு மட்டும் சொன்னேன்.

கடைசிப் படிக்கு வரும்போது கேட்டைத் திறந்துகிட்டு மும்தாஜ் அக்கா உள்ள வர்றாங்க. நல்ல புடவை கட்டி, கையில பை. என் காலைத்தான் முதல்ல பார்த்தாங்க.

"இன்னா பாப்பா, சேத்துல செருப்புகூட இல்லாம எங்க போற? புள்ள எங்க?"

எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். வாய் தானா உண்மையைச் சொல்லிருச்சு. "அக்கா, எனக்குச் செத்துப் போகணும் போல இருக்கு."

திட்டல. ஐயோன்னு கத்தல. பையைக் கீழ போட்டுட்டு என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. அப்படியே மாடிக்கு இழுத்துட்டுப் போனாங்க. தூங்கிட்டிருந்த பிள்ளையை ஒரு கையால அள்ளி மடியில போட்டுக்கிட்டாங்க. இன்னொரு கை என்னை விடவே இல்ல.

"குந்து. எங்கியும் போவாத. நான் இங்கதான் இருக்கறேன்."

பிள்ளையைத் தட்டிக்கிட்டே சொன்னாங்க. "என் தங்கச்சி இப்டிதான் இருந்தா, ரெண்டாவது புள்ள பொறந்தப்புறம். பேச மாட்டா, துன்ன மாட்டா. சோம்பேறியா பூட்டான்னு நாங்க அவளையே ஏசினோம். ஒருநாள் போய் சேந்துட்டா. உன்ன நான் வுட மாட்டேன், பாப்பா."

அப்பதான் அழுதேன். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் வந்த முதல் கண்ணீர் அது.

பிறகு தெரிஞ்ச விஷயத்தைச் சொல்றேன். அன்னைக்கு அக்கா அனந்தபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கணும். பஸ்ல ஏறி உக்காந்தும் ஆச்சு. கேஸை அணைச்சோமா இல்லையான்னு திடீர்னு ஒரு சந்தேகம். அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பி வந்திருக்காங்க. கேஸ் அணைஞ்சுதான் இருந்துச்சு.

அக்கா போன் போட்டதும் என் கணவர் சைட்ல இருந்து ஓடி வந்தாங்க. கையில சிமெண்ட் காயல. அக்கா அவங்ககிட்ட, "தம்பி, இது டென்ஷன் இல்ல, நோவு. நாளைக்கு வேலைக்குப் போவாத. டாக்டராண்ட இட்டும்போ"ன்னாங்க. அவங்க தரையில உக்காந்து முகத்தை மூடிக்கிட்டாங்க. என் புருஷன் அழுது நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

விழுப்புரத்துல ஒரு லேடி டாக்டர். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாங்க. "பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வர்ற நோய் இது. உங்க தப்பு இல்ல. உங்க பக்தி குறைஞ்சதனால வந்ததும் இல்ல. குணமாகும், ஆனா நாளாகும்." கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலேயே தங்க வச்சாங்க.

உடனே எல்லாம் மாறிருச்சுன்னு சொன்னா அது பொய்ச் சாட்சி. மாத்திரை ஆரம்பிச்சும் வாரக்கணக்கா ஒண்ணும் தெரியல. சபையில ஒரு சகோதரி, "மாத்திரையை விட்டுட்டு உபவாசம் இருங்க, இது விசுவாசக் குறைவு"ன்னு சொல்லிட்டாங்க. நான் நொறுங்கிப் போனேன். பாஸ்டர் வீட்டுக்கு வந்து சொன்னார்: "சுகர் வந்தா மாத்திரை போடுறோம்லமா? இதுக்கும் போடுங்க. ஜெபிக்கிற வேலையை எங்ககிட்ட விடுங்க, நீங்க தூங்குங்க." பொங்கல் சமயத்துல பழைய நினைப்பு திரும்பவும் வந்துச்சு. இந்தத் தடவை மறைக்கல. விடிஞ்சதுமே கணவர்கிட்ட சொன்னேன். டாக்டர் மருந்தை மாத்தினாங்க. என் கணவர் கம்பெனியில சண்டை போட்டு சீக்கிரம் வீட்டுக்கு வர ஆரம்பிச்சாங்க. பகல்ல அக்கா வீட்டுக் கூடத்துலதான் நானும் பிள்ளையும் கிடப்போம். அவங்க தொழுது முடிச்சு எனக்காகவும் கை ஏந்துவாங்க. நான் பார்த்துக்கிட்டே இருப்பேன். என் வாயில வராத ஜெபம் அங்க நடந்துச்சு.

மார்ச்ல ஒருநாள் ஜோயல் கையில இருந்த இட்லியை ஒரு குரங்கு பிடுங்கிட்டுப் போச்சு. அவன் அழுவான்னு நினைச்சேன். அவன் அந்தக் குரங்கைப் பார்த்துக் கெக்கெக்கென்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். சிரிச்ச பிறகுதான் தெரிஞ்சுது, நான் சிரிக்கிறேன்னு. அவனைத் தூக்கினேன். இவன் என் பிள்ளை, எனக்குப் பிறந்த பிள்ளைன்னு அந்த நிமிஷம்தான் நெஞ்சுல பட்டுது.

இந்த ஜூன்ல வேலை முடிஞ்சு ஊருக்கு வந்துட்டோம். மாத்திரை இன்னும் சாப்பிடுறேன். ஜோயல் எப்ப குப்புற விழுந்தான், எப்ப முதல் பல்லு முளைச்சுதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அந்த மாசங்கள் போனது போனதுதான். என்னைக் காப்பாத்தின ஆண்டவர் அக்காவோட தங்கச்சியை ஏன் காப்பாத்தலன்னும் கேட்டுட்டேன். பதில் கிடைக்கல. பதில் இல்லாமலே அவரை நம்புறேன். அவர் ஆளை அனுப்பினார். அந்த ஆள் தினமும் கீழ இருந்து என்னைக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. எனக்குத்தான் காதுல விழல.

அவரை நம்புங்க. நம்பிக்கிட்டே வாயைத் திறந்து ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க. உங்க வீட்டுலயோ தெருவுலயோ பிள்ளை பெத்த பொண்ணு ஒருத்தி பேசாம இருந்தா, ஏசாதீங்க. பக்கத்துல போய் உக்காருங்க.

இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல யாருக்காவது நான் சொன்னது உங்க கதையாவே இருந்தா, ஆராதனை முடிஞ்சதும் நான் வாசல்ல நிப்பேன். வாங்க. சொல்ல வார்த்தை வரலன்னாலும் வாங்க. சும்மா என் கையைப் பிடிங்க, போதும்.