பிளக் நிறம் பார்த்து வண்டி கொடுத்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஒரு வருடம் நிறைகிறது. அவரோடு பழகிய உங்கள் எல்லோர் கையிலும் இந்த நினைவு மலர் இருக்க வேண்டும் என்று வீட்டார் விரும்பினோம். பெரியவர்கள் யாராவது எழுதியிருந்தால் இன்னும் முறையாக இருந்திருக்கும். ஆனால் இதில் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் எனக்கு மட்டுமே தெரியும் என்பதால் தங்கையான நான் எழுதுகிறேன். எழுதியதை இரண்டு முறை கிழித்துப் போட்டேன். இப்போதும் இது சரிதானா என்று தெரியவில்லை.

அண்ணன் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், அம்மாவின் பிறந்த வீட்டில். வளர்ந்தது ராஜபாளையம். பஞ்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு மூச்சிரைப்பு முற்றி வீட்டோடு இருக்க வேண்டி வந்தபோது, அண்ணன் பத்தாம் வகுப்புப் பரீட்சையை எழுதாமலே ஒரு மெக்கானிக் கடையில் சேர்ந்தார். தான் விட்ட படிப்பை நான் விடக்கூடாது என்று என்னைக் கல்லூரிவரை அனுப்பினார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் சொந்தக் கடை போட்டார். இளைஞர்கள் புது பைக் வாங்கிய கையோடு கம்பெனி ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டரும் சத்தமான சைலன்சரும் மாட்டிக்கொண்ட காலம் அது. மாட்டிக் கொடுக்க ஊரில் பல கடைகள் இருந்தன. மாட்டிய பிறகு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைச் சரிசெய்ய அண்ணனிடம்தான் வருவார்கள். "காத்து கூடுதலா உள்ள போகுது. அதுக்குத் தக்கன பெட்ரோல் போகலைன்னா இன்ஜின் கொதிச்சு ஓட்டத்துலயே இறுகிரும். பின்வீல் பூட்டிக்கிடும், ஆளு கீழதான்" என்பார். அதனால் பெட்ரோல் போகும் ஜெட்டைப் பெரிதாக மாற்றி, சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் முழு வேகத்தில் ஓட்டி, சட்டென்று இன்ஜினை அணைத்து, ஓரமாக நின்று, இன்ஜினுக்குள் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றுவார். அதைத் தாளில் பொதிந்துகொண்டு வேறு பிளக் போட்டுத் திரும்புவார். சாயங்கால வெளிச்சம் ஏமாற்றும் என்று, மறுநாள் காலை வெயிலில் வைத்துத்தான் முடிவு சொல்வார். பிளக்கின் நுனி காப்பி நிறமாக இருந்தால் வண்டி போகலாம். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு, அதுதான் ஆபத்து.

"என்ன அண்ணாச்சி, பிளக்குக்கு ஜாதகம் பாக்கீங்களா?" என்று கேலி செய்வார்கள்.

"இத ஒழுங்காப் பாத்தாத்தான் தம்பி உங்க ஜாதகம் நல்லாருக்கும்" என்பார் அண்ணன்.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு இட்லி கொண்டு போனேன். அண்ணன் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் செய்தித்தாளில் மூன்று பிளக்குகள், ஒவ்வொன்றின் கீழும் எந்த வண்டியுடையது என்று ஒரு துண்டுச்சீட்டு. சும்மா இருக்கிறோமே, ஒத்தாசையாக இருக்கட்டும் என்று மூன்றையும் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து வைத்தேன்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட!" என்றார் அண்ணன், உள்ளே வந்ததும். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு. மறுபடி ஓட்டிப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து அந்த மூன்றில் ஒரு வண்டியின் சொந்தக்காரர் வந்துவிட்டார். மகாராஜபுரத்துக்காரர், பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்தவர்.

"தம்பி, செத்த நேரம் இருங்க. இன்னொருக்க ஓட்டிப் பாத்துட்டுத் தாரேன்."

"நேத்துதான ஓட்டினீங்க? நாளைக்கு எனக்கு நிச்சயதார்த்தம் அண்ணாச்சி. இன்னும் எம்புட்டு பேருக்குச் சொல்லணும் தெரியுமா?"

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். உப்புத்தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். தங்கை பிளக்கைத் துடைத்துவிட்டாள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்தவர் காத்திருப்பார். நானாவது சொல்லியிருக்கலாம். "நேத்துப் பாக்கையில காப்பிக் கலராத்தான் தெரிஞ்சது. மெதுவாப் போங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார் அண்ணன்.

அன்றே வன்னியம்பட்டி பக்கம் இன்ஜின் இறுகி வண்டி அவரைத் தூக்கி எறிந்தது. தொடை எலும்பு முறிந்தது. நிச்சயம் தள்ளிப்போயிற்று. பின்னால் பட்டாளத்து வேலையும் போயிற்று. ஆஸ்பத்திரியில் அவர் உறவினர்கள் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன், "தப்பு என்னுதுதான், பிளக்கப் பாக்காமக் குடுத்துட்டேன்" என்று கைகூப்பி நின்றார். அவசரக்காரர் என்று ஊர் பேசியது. நம் உறவிலும் பேசினார்கள். அண்ணன் என் பெயரை எடுக்கவே இல்லை. அதன்பின் சொந்தக்காரரின் உள்ளங்கையில் பிளக்கை வைத்து நிறத்தைக் காட்டாமல் ஒரு வண்டியும் கடையை விட்டுப் போகவிடவில்லை.

நான் அழுதபோது ஒரே ஒரு தடவை சொன்னார்: "துடைச்சது நீ. குடுத்தது நான். குடுத்தவன் கையிலதான் பொறுப்பு." அது உண்மைதானா, என் மனம் ஆறச் சொன்னதா, தெரியாது. நான் துடைத்த பிளக் வெளுத்திருந்ததா, காப்பி நிறமா என்பதும் இனி யாருக்கும் தெரியாது. இன்றும் என் கணவர் வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினால், போய்ச் சேர்ந்திருப்பாரா என்று கைக்குழந்தையோடு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிறுநீரகக் கோளாறால் மதுரையில் படுத்திருந்த கடைசி நாட்களிலும் அண்ணன் இதைப் பற்றிப் பேசவில்லை. பேசட்டுமா என்று நான்தான் பலமுறை வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

"மலர்ல போயி இதையா எழுதுவ?" என்றார் என் கணவர். எழுதாவிட்டால் அவசரக்காரர் என்ற பெயரே அண்ணனுக்கு நிலைத்துவிடும். எழுதினால், அடிபட்டவர் மனம் மறுபடி புண்படுமோ? அச்சுக்குக் கொடுக்கும் முன் மகாராஜபுரம் போய், அந்தச் சகோதரரிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அண்ணன் இறந்தபோதும் வராதவர் அவர். நிதானமாகப் படித்தார். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பது அது சிணுங்கிய பிறகுதான் தெரிந்தது.

"இத்தன வருசமா அவரோட பேசாம இருந்துட்டேனே தங்கச்சி" என்றார். தாளை மடித்து என்னிடம் நீட்டி, "அவரு இருங்கன்னு சொன்னது நெசம். கேக்காம அவசரப்படுத்துனது நான்தான். ஆஸ்பத்திரியில அத நான் சொல்லல. அதையும் எழுதிருங்க" என்றார்.

அண்ணனுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கும், மதுரைக்கு மாறி மாறிச் சாப்பாடு கொண்டு வந்த உறவினர்களுக்கும், கடையைப் பூட்டவிடாமல் பார்த்துக்கொண்ட நண்பர்களுக்கும் வீட்டார் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். மகாராஜபுரத்துச் சகோதரருக்குத் தனியாக என் நன்றி. நீங்கள் சொன்னதையும் எழுதிவிட்டேன். திவசத்தன்று உங்களை எதிர்பார்த்திருப்போம்.