காதில் சொன்ன மூன்று பெயர்கள்

வானத்தில் சுற்றும் ஒரு கல்லுக்குப் பெயர் வைப்பது, சுருவில் ஊரில் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிடச் சுலபம் என்பது ஒன்பது வயதில் என் முடிவு. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் எனக்குக் கிடைத்த தலைப்பு சிறுகோள்கள். அதே நாட்களில்தான் அம்மாவின் தங்கை, என் சித்தி, பெயரில்லாத ஒரு பெண்குழந்தையோடு எங்கள் வீட்டில் வந்து இருந்தார்.

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்தபோதே பெயர் வைத்திருக்க வேண்டும். சித்தி பிறகு பார்ப்போம் என்றுவிட்டார். அதற்கு முன் இரண்டு தரம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர் அவர். அதைப்பற்றி வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். இந்தப் பிள்ளை தூங்கினால் போதும், மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். பெயர்ப் பேச்சு எடுத்தால் எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விடுவார்.

வெளிநாட்டு உறவுகள் சும்மா இருக்குமா? கனடா மாமியும் லண்டன் பெரியப்பாவும் போட்டி போட்டுக்கொண்டு வைபரில் பெயர் அனுப்பினார்கள். எண் சாத்திரப்படி கூட்டுத்தொகை சரிவர வேண்டும், முதலெழுத்து நட்சத்திரத்துக்குப் பொருந்த வேண்டும், எல்லாவற்றையும்விட, ஊரில் வேறு எவருக்கும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது. வந்தவற்றை வாசித்தால் நாக்குச் சுளுக்கியது. அம்மா எல்லாவற்றுக்கும் நல்ல பெயர் என்றே பதில் போட்டார். பிள்ளை, ‘பிள்ளை’யாகவே வளர்ந்தது.

பால் கொடுத்தபடி எழும்ப முடியாமல் இருந்த சித்திதான் என் பேச்சுக்கு வசமாக அகப்பட்ட சபை. முதன்முதல் கண்ட கற்களுக்குத் தேவதைகளின் பெயர்கள். முதலாவதற்குத் தானியத்தின் தெய்வம். நல்ல தேவதைகள் முடிந்துபோக கண்டவர்களின் மனைவிமார் பெயரும் ஊர்ப் பெயரும் வந்தன. ஒருவர் தன் பூனையின் பெயரை வைத்துவிட, வளர்ப்புப் பிராணிகள் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கண்டவருக்கே பெயர் சொல்லும் உரிமை. பதினாறு எழுத்துக்குமேல் போகக் கூடாது. இன்னொரு கல்லின் பெயரைப் போலவும் இருக்கக் கூடாது. லண்டன் பெரியப்பாவுக்கு ஏற்ற சட்டம். ஆனால் கண்ட உடனே வைக்க முடியாது. முதலில் கண்ட வருஷமும் சில எழுத்துகளும் மட்டும். பல தரம் பார்த்து, அதன் பாதை பிடிபட்டு, இனித் தவறாமல் வரும் என்று நிச்சயமானால்தான் இலக்கம். அதற்குப் பிறகே பெயர். இந்த இடத்தில் கையை உயர்த்தச் சொல்லி ரீச்சர் பழக்கியிருந்தார். உயர்த்தினேன்.

சித்தி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப ஒருக்காக் கண்டு, பிறகு காணாமல் போன கல்லுகளுக்கு?”

“பேர் இல்லை, சித்தி. வருஷமும் எழுத்தும் மட்டும்தான்.”

“கண்ட ஆக்கள் மனசுக்குள்ளை ஒரு பேர் வைச்சிருப்பினம்தானே.”

“அதைக் கணக்கிலை எடுக்கமாட்டினம், சித்தி.”

சட்டம் தெரிந்தவள் அல்லவா நான். கையை உயர்த்தியபடியே மிச்சப் பேச்சையும் முடித்தேன்.

பிள்ளைக்கு ஆறு மாதமானபோது, நயினாதீவு அம்மன் கோயிலில் முதற்சோறு தீத்தி, பெயரையும் அங்கேயே வைப்போம் என்று சித்தியே சொன்னார். என்ன பெயர் என்று மட்டும் சொல்லவில்லை. குறிகட்டுவான் துறையில் படகு ஏறிப் போனோம். கோயிலில் சித்தப்பா பிள்ளையை மடியில் வைத்திருந்தார். பெயரைக் காதில் மூன்று தரம் சொல்லும்படி ஐயர் சித்தியிடம் சொன்னார். பால்போத்தல் பையோடு நான் சித்தியின் முதுகோடு ஒட்டி நின்றேன். மேளச் சத்தத்தில் சித்தப்பாவையும் என்னையும் தவிர வேறு எவருக்கும் கேட்டிராது.

முகிலன் என்றார் முதலில். அடுத்து யாழினி. கடைசியாக ஆரணி. சித்தப்பா குனிந்த தலை நிமிரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே பெயரைத்தான் மூன்று தரம் சொல்ல வேண்டும், அதிலும் முதலாவது ஆண்பிள்ளைப் பெயர் என்று சேலையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன்.

“சரியாத்தான் சொன்னனான்” என்றார் சித்தி.

இன்றைக்கும் அந்தப் படகில் ஏறினால் எனக்கு அந்த மத்தியானம்தான் நினைவுக்கு வரும், நெஞ்சு நிறைந்துபோகும். அன்றைக்கோ எனக்கு ஆற்றாமை. வெளிநாட்டுக்காரரின் பெயர்களைக் கேட்டுக் கேட்டுச் சித்தி குழம்பிப்போனார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும் படகில் அவர் கடலைப் பார்த்தபடி இருந்தார். பகிடி பண்ணும் எண்ணத்தில், அவர் மடியில் கிடந்த ஆரணியிடம் குனிந்து, “முகிலன்!” என்று கூப்பிட்டேன்.

சித்தி சட்டென்று திரும்பினார். குட்டு விழப்போகிறதென்று தலையை உள்ளுக்கு இழுத்தேன்.

“இன்னொருக்காக் கூப்பிடு, பிள்ளை” என்றார்.

அந்தப் பெயரை அதுவரை எவரும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? விளையாட்டென்று எடுத்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்தினேன். பிறகு, அவர் கேட்காமலே, யாழினியையும் கூப்பிட்டேன்.