ஓரகத்தி போட்ட மருந்து

எனக்கும் என் ஓரகத்தி சாந்திக்கும் கன்னமும் மூக்கும் சிவந்து எரியும் ரோசேசியா என்ற தோல் நோய். கோவையில் தோல் டாக்டராக இருக்கும் தன் சொந்தக்காரரிடம் சாந்தி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசி, போனிலேயே மருந்து கேட்டு வாங்கினாள். கொஞ்ச நாளில் அவள் முகம் பளிச்சென்று ஆனது. எனக்கு வயிறு எரிந்தது.

"என்ன மருந்து அம்மணி அது?"

"நீங்களும் அவருகிட்டப் பேசுங்கக்கா. கேக்காம எதையும் போடக் கூடாதுங்க."

தன் அழகு எனக்கு வந்துவிடுமென்று மறைக்கிறாள் என்றே நினைத்தேன். அவள் சொந்தக்காரரிடம் நான் போய்க் கெஞ்சுவதா? குப்பையில் அவள் எறிந்த காலி ட்யூபை மருந்துக்கடையில் காட்டி, அதையே வாங்கித் தடவினேன். முதலில் சிவப்பு குறைந்தது. பிறகு முகமெல்லாம் சீழ்க்கொப்புளம். இமை வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. பார்வை போய்விடுமோ என்று பயந்து சாந்தியிடம் ட்யூபை நீட்டினேன்.

"அய்யோ அக்கா, இது எங்கால்ல வந்த கரப்பான் புண்ணுக்குக் குடுத்ததுங்க! இதைப் போயி மூஞ்சில பூசிப்போட்டீங்களே!"

அவளே என்னைப் பூத்துக்கு இழுத்துப் போனாள். விவரம் கேட்ட டாக்டர், "அதை உடனே நிறுத்துங்க. கண்ணுன்னா போன்ல பார்க்க முடியாது, இப்பவே கிளம்பி வாங்க" என்றார். கண் தப்பியது. முகம் தேறத்தான் மாதக்கணக்கானது.

சாந்தியின் கன்னத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பொறாமைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது எனக்கு உடம்புக்கு என்ன வந்தாலும், ரோஷம் பார்க்காமல் டாக்டரிடம் நானே பேசுகிறேன்.