இரும்பை ஒதுக்கும் மெசின்

மெசின் வாங்கப் போன சனிக்கிழமை மாமா கலியாண வீட்டுக்குப் போகிறவரைப் போல வெளிக்கிட்டு நின்றார். சப்பாத்துக்குப் பொலிஷ், சட்டைக்கு சென்ட். அம்மாவின் ஒரே தம்பி அவர். பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில் ஒரு களஞ்சியத்தில் நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிறவர், அன்று கையை வீசிக்கொண்டு நடந்தார். பின்னால் நான் ஓடினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவுக்கு என்மேல் கொள்ளை பாசம் என்பது உண்மைதான். ஆனால் கடைக்குக் கூட்டிப் போனது பாசத்தால் அல்ல. அத்தனை வருடம் பாரிசில் இருந்தும் 'போன்ஜூர்' சொன்னவுடனேயே அவருக்கு பிரெஞ்சு தீர்ந்துவிடும். வங்கி, வைத்தியர், மாநகரசபை எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டின் வாய் நான்தான்.

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடித்துச் சத்தம் போடும் மெசின் அது. நீண்ட தடி, அடியில் தட்டுப் போல ஒரு வட்டம். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள் அதைக் கடற்கரை மணலில் தடவித் தடவிக் காசு பொறுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். மாமாவுக்குக் காசு வேண்டாம். அம்மாவின் நகை வேண்டும்.

அம்மா இலங்கையில் குமரியாக இருந்தபோது, செல் குண்டுகளுக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட அன்று, தன் கலியாணத்துக்கென்று செய்துவைத்திருந்த நகைகளைக் கிணற்றடியில் மண்ணுக்குள் தாட்டுவிட்டு ஓடியவர். பிறகு அந்த வீட்டு வளவு ஆமியின் வேலிக்குள் போய்விட்டது. நான் சொல்லும் அந்த வருடம்தான் காணியைத் திருப்பி விட்டிருந்தார்கள். சொந்தக்காரர் அனுப்பிய படத்தில் வீடும் இல்லை, மதிலும் இல்லை, கிணறும் தூர்ந்து பற்றை மூடிக் கிடந்தது. எந்த இடத்தில் தோண்டுவது? அதற்குத்தான் மெசின். கோடை விடுமுறைக்கு மாமா போவதாக ஏற்பாடு.

"உன்ர சாமத்திய வீட்டுக்கு அந்த நகைதான் பிள்ளை. வேற ஒண்டும் போடமாட்டன்" என்று மாமா எனக்குச் சொல்லி வைத்திருந்தார். பெண்பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் நகை போடுவது எங்கள் வழக்கம். எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், ரூ பெர்தொனேயில் கண்ணாடிக்குள் தங்கம் மின்னுகிற கடைகள் இருக்க, இவர் ஏன் பற்றைக்குள் தேடப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் புதையல் என்றால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்னும்?

அப்பாதான் கேட்டுத் திகைத்துப் போனார். "இந்தச் சாமானோட கட்டுநாயக்கா எயாப்போட்டில போய் இறங்கினா, என்னத்தைத் தேட வந்தனீ எண்டு கேப்பாங்கள். பிறகு நீ எங்கை எண்டு நாங்கள் தேடவேணும்." மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துண்டு துண்டாகக் கழற்றி உடுப்புக்குள் வைத்துக் கொண்டு போவாராம். மாமாவுக்குப் பயம் கிடையாது என்பது எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். பிறந்தநாள் வீடுகளில் அவர் சண்டைக் கதை தொடங்கினால் கேக் வெட்டக்கூட ஆள் எழும்பாது. செல் கூவிக்கொண்டு வரும் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார். நாங்கள் சின்னதுகள் மேசைக்கு அடியில் ஓடி ஒளிவோம்.

கடைக்காரர் மீசை வைத்த வயதான பிரெஞ்சுக்காரர். பழைய நாணயம் தேடப் போகிறீர்களா, பழங்காலப் பொருளா என்று கேட்டார்.

"தங்கம் எண்டு சொல்லு."

சொன்னேன். அவர் திடுக்கிட்டு, அனுமதி இல்லாமல் புதைபொருள் தேடுவது இந்த நாட்டில் குற்றம் என்று விரலை ஆட்டினார்.

"எங்கட சொந்த வளவு எண்டு சொல்லு."

எங்கள் தோட்டம் என்றேன். தோட்டம் எங்கே என்றார். இலங்கை என்றேன். அவ்வளவு தூரத்தில் ஒரு தோட்டமா என்று புருவத்தை உயர்த்தினாலும் மனிதர் வியாபாரத்தை விடவில்லை. மூன்று மெசின்களை மேசையில் பரப்பினார். ஒன்று மலிவு, எதைக் கண்டாலும் கத்தும். இன்னொன்று வயல்களில் ரோமானிய நாணயம் தேடுகிறவர்கள் விரும்புவது. மூன்றாவதைத் தொடுவதற்கு முன், தோட்டத்தில் இரும்பு அதிகமா, ஆணி, கம்பி, அப்படி ஏதாவது கிடக்குமா என்று கேட்டார். நான் கேட்டுச் சொன்னதும் மாமா சிரித்தார்.

"முப்பது வருசத்து இரும்பு கிடக்கெண்டு சொல்லு."

அப்படியே சொன்னேன். கடைக்காரர் மாமாவை மரியாதையோடு பார்த்தார். பெரிய பழைய இரும்பு வியாபாரி என்று நினைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் மூன்றாவதுதான் என்று முடிவாகச் சொன்னார். தன் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்து மெசினைக் காட்டினார். கீச்சென்று மெல்லிய சத்தம். ஒரு ஆணியை வைத்தார், உர்ரென்று உறுமியது. உறுமினால் குப்பை, தோண்டாதே என்று எனக்கும் பாடம் எடுத்தார். பிறகு ஒரு பொத்தானை அமத்திவிட்டு மறுபடி ஆணிக்கு மேலே கொண்டு போனார். மெசின் மூச்சு விடவில்லை.

மாமா அசந்து போனார். "இரும்பு இருந்தும் இல்லாத மாதிரியோ?"

"ஓம் மாமா."

"அப்ப இதுதான் எங்களுக்கு."

வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். அப்பா உணவகத்தில் வேலைக்குப் போயிருந்தார். மாமா வரவேற்பறையில் மெசினின் துண்டுகளைப் பொருத்தி, மருந்து விற்பவர் போல விளக்கம் கொடுத்தார். அம்மா ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"தம்பி, நான் பால்மா டின்னுக்குள்ள போட்டெல்லோ தாட்டனான். டின்னும் இரும்புதானே?"

மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. அத்தனை பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்த மெசின், அந்த டின்னுக்கு மேலாலேயே சத்தம் இல்லாமல் நடந்து போகப் போகிறது! கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "சரி. அப்ப இரும்பையும் கத்த விடுவம். எந்த உறுமல் டின், எந்த உறுமல் ஆணி எண்டு காதைப் பழக்க வேண்டியதுதான்" என்று பொத்தானைத் திரும்ப அமத்தினார். பழக்கும் வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன்.

ஹீட்டர் உறுமியது. தையல் மெசின் உறுமியது. சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த வெள்ளி விளக்கு கீச்சிட்டது. கதவடியில் சிரித்துக்கொண்டு நின்ற அம்மாவையும் நான் விடவில்லை. கழுத்தடியில் கொண்டுபோனேன், தாலிக்கொடி அழகாகக் கீச்சிட்டது. அப்படியே கீழே இறக்கினேன். இடது தொடைக்கு நேரே மெசின் உறுமியது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாமா! அம்மாவின்ர காலுக்குள்ள குப்பை!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா பின்னால் நகர்ந்தார். நான் பிழையாகப் பிடித்திருப்பேன் என்று மாமா மெசினை வாங்கித் தானே காட்டினார். உர். இன்னும் கொஞ்சம் கீழே. உர். அம்மாவின் சட்டையில் பையும் இல்லை, ஊசியும் இல்லை. மாமாவின் முகத்தை அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை. யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல நின்றார்.

"அக்கா, இதென்ன?"

"சின்னத் துண்டுகள். எடுத்தா கால் போனாலும் போகுமெண்டு டொக்டர் விட்டிட்டார்."

"எப்ப?"

"நீ பிரான்சுக்கு வெளிக்கிட்டாப் பிறகு."

"நான் போனிலை கதைக்கிற நேரமெல்லாம் சுகமாயிருக்கிறன் எண்டுதானே சொன்னனீங்கள்?"

அம்மா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "சொல்லியிருந்தா நீ இஞ்சை இருந்திருப்பியே? திரும்பி வந்திருப்பாய். வந்திருந்தா உன்னையும் தாட்டிருப்பம்."

சண்டைக் கதை சொல்லி ஒரு மண்டபத்தையே கட்டிப்போடுகிற மாமா மெசினின் தடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயமாக இருந்தது. குளிர் காலத்தில் அம்மா காலை இழுத்து நடப்பது வாதம் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இப்போது மெசின் வேறு எதையோ சொல்கிறது, பெரியவர்கள் இருவரும் அழுவதுபோல நிற்கிறார்கள். நானும் அழத் தொடங்கினேன்.

அதைப் பார்த்ததும் மாமா அசைந்தார். குனிந்து அந்தப் பொத்தானை அமத்தினார். வட்டத்தை அம்மாவின் தொடைக்கு நேரே கொண்டுபோய்ப் பிடித்தார். சத்தமே இல்லை. மேலும் கீழும் தடவினார். இல்லை.

"பாத்தியே பிள்ளை? இப்ப ஒண்டும் இல்லை" என்றார்.

"ஓம், ஒண்டும் இல்லை" என்றார் அம்மாவும்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா வந்து மேல்சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே ஓடிப் போய், மெசின் பிழை விட்டதையும் மாமா அதைத் திருத்தியதையும் சொல்லி முடித்தேன். அப்பா ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்று அம்மாவைப் பார்த்தார். பிறகு "நல்லது" என்றார்.

அடுத்த சனிக்கிழமை மாமா சப்பாத்துக்குப் பொலிஷ் போடவில்லை. மெசினைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்றார். நகை அங்கேயே கிடக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாராம். எனக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. ஆனாலும் கடையில் வாயாக நிற்பது நான்தானே.

"சரியில்லை எண்டு சொல்லு" என்றார் மாமா.

என்ன சரியில்லை என்று கடைக்காரர் சந்தேகத்தோடு கேட்டார். நல்ல மெசின், தானே பரீட்சித்துக் கொடுத்தது என்று ஆணியைத் தேடி எடுத்தார். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. எனவே நானே சொன்னேன்: ஒன்றுமே இல்லாத இடத்தில் இரும்பு என்று உறுமுகிறது ஐயா.

எந்த இடத்தில் என்றார்.

என் அம்மாவின் காலில் என்றேன்.

கடைக்காரரின் கையில் ஆணி அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார், நெடுநேரம். ஆணியை மெதுவாகப் பெட்டிக்குள் போட்டார். மெசினைப் பரீட்சிக்கவில்லை, இன்னொரு கேள்வி கேட்கவில்லை, எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மேசையைச் சுற்றி வந்து மாமாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

என்னுடைய பிரெஞ்சு அவ்வளவு திறம் என்று லா சப்பல் வந்து சேரும்வரை நான் பெருமைப்பட்டுக்கொண்டே நடந்தேன்.